ஒரே ஒரு நாள் நடை

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "ஏதாவது பயனுள்ள தலைப்பாப் பேசுங்க சார்" என்றார். "செதில் பூச்சியோட குஞ்சைப் பத்திப் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பசங்களுக்குத் தன்னம்பிக்கை வர்ற மாதிரி..." என்று இழுத்தார். "அதுவும் வரும், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வருமா என்பதை நீங்கள்தான் கடைசியில் சொல்ல வேண்டும்.

விலங்கியல் படித்துப் பூச்சிகளோடு காலம் தள்ளியவன் நான். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே உறவினர் வீட்டுக்குப் போனாலும் இரண்டு கேள்வி நிச்சயம் வரும். ஒன்று, "செம்பருத்தியிலே வெள்ளையாப் பஞ்சு மாதிரி அப்பியிருக்கே, என்ன அது?" இரண்டாவது, "மரத்தடியிலே வண்டியை நிறுத்தினா சீட்டெல்லாம் பிசுபிசுன்னு ஆகுது, மரத்தை வெட்டிடலாமா?" இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு குஞ்சின் ஒரு நாள் வாழ்க்கையில் இருக்கிறது.

பூச்சி மாதிரியே தெரியாத பூச்சி

செதில் பூச்சி என்று சொன்னால் பலருக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கொய்யாக் கொம்பில் பழுப்பு நிறப் பரு மாதிரி ஒட்டியிருக்கும். தென்னை ஓலையின் அடியில் மஞ்சள் புள்ளி புள்ளியாக இருக்கும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும். அது மரத்தின் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அது உயிருள்ள பூச்சி. மேலே மெழுகால் ஓடு கட்டிக்கொண்டு, கீழே தலைமயிரைவிட மெல்லிய உறிஞ்சுகுழலை மரத்துக்குள் இறக்கிச் சாற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் குடும்பம் பெரியது. ஓடு கட்டும் செதில் பூச்சி ஒரு கிளை. வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு திரியும் மாவுப்பூச்சி இன்னொரு கிளை. அரக்குப் பூச்சியும் இந்தச் சொந்தம்தான். பார்சலுக்கு முத்திரை வைத்த அரக்கு, வளையல் அரக்கு, அந்தக் காலத்து கிராமபோன் இசைத்தட்டு, இன்றைக்கும் சில மாத்திரைகளின் மேலே இருக்கும் பளபளப்பு, எல்லாம் இந்தச் செதில் பூச்சி வகையறா கொடுத்த கொடை. அரக்கை ஆராய்வதற்கென்றே ராஞ்சி அருகில் நாம்குமில் 1924ல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். ஆகவே இந்தக் கூட்டத்தில் நல்லவரும் உண்டு, கெட்டவரும் உண்டு. நம் பழைய மாணவர் சங்கம் மாதிரி என்று நான் சொல்லமாட்டேன்!

ஆண் பூச்சிக்குப் பெரும்பாலும் இறக்கை உண்டு. ஆனால் வளர்ந்த ஆணுக்குச் சாப்பிட வாய் கிடையாது. இணை தேடி ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. ஓட்டுச் செதில் பூச்சியில் பெண்ணுக்கு முதல் தோல் உரித்ததும் காலும் போய்விடும். அப்புறம் சாகும் வரை உட்கார்ந்த இடம்தான். மென்மையான செதில் பூச்சிகளுக்குக் கால் இருக்கும், ஆனால் அதிகம் நடப்பதில்லை. மாவுப்பூச்சி மட்டும் கொஞ்சம் நகரும், அதுவும் ஆமை வேகம்.

இப்போது ஒரு கேள்வி. பறக்கத் தெரியாது, நடக்கக் கால் இல்லை. அப்படியிருக்க, இந்தப் பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு, ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு, மெக்சிகோவிலிருந்து கோயம்புத்தூருக்கு எப்படி வந்தது?

அந்த ஒரு நாள்

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு ஆறு கால் இருக்கிறது, கண் இருக்கிறது, இரண்டு உணர்கொம்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைக் கிராலர் என்பார்கள், தவழும் குஞ்சு என்று நாம் சொல்லலாம். தாயின் ஓட்டுக்கடியில் கொஞ்ச நேரம் காத்திருக்கும். வெளியே இதமான வெப்பம் வந்ததும் ஓட்டின் ஓரத்து இடுக்கு வழியாக வெளியேறும். அப்புறம் நடை. பல வகைகளில் ஒரு நாளுக்குள், சிலவற்றில் இரண்டு மூன்று நாளுக்குள், இடம் பிடித்தாக வேண்டும். தாமதமானால் பட்டினியிலும் வெயிலிலும் காய்ந்து போகும்.

முதலில் பல வகைக் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம், அதாவது மேல்நோக்கி, ஏறும். மரத்தின் இளந்தளிர் அங்கேதானே இருக்கிறது! பிறகு காலும் உணர்கொம்பும் சொல்கிறபடி இடம் தேடும். இலை நரம்பின் ஓரம், கணுவின் இடுக்கு, காயின் காம்படி, இப்படி ஒரு மறைவு கிடைத்தால் நிற்கும். குழலை இறக்கிப் பார்க்கும். பிடித்தால் அங்கேயே குடியிருப்பு. உடம்பைவிட நீளமான குழலை உள்ளே செலுத்திய பிறகு, ஓட்டுச் செதில் பூச்சிக்குத் திரும்பிப் போவது என்ற பேச்சே இல்லை.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஒரு கதை நினைவு வரலாம். சுந்தரர் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரிந்து இந்த ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் நினைவு வந்தது, சத்தியத்தை மீறிப் புறப்பட்டார், எல்லை தாண்டியதும் கண் பார்வை போனது. இந்தப் பூச்சி அப்படியில்லை. மரத்துக்குக் கொடுத்த வாக்கைக் காலை இழந்தாவது காப்பாற்றுகிறது!

சரி, குஞ்சு எவ்வளவு தூரம் போகும்? பெரும்பாலானவை தாயிடமிருந்து சில அங்குலம், அதிகம் போனால் அதே மரத்தின் அடுத்த கொம்பு. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தாய் உட்கார்ந்த இடம் நல்ல இடம் என்பதற்குத் தாய் உயிரோடு இருந்ததே சாட்சி. பக்கத்திலேயே உட்கார்ந்தால் சோறு நிச்சயம். ஆனால் எல்லாக் குஞ்சும் அங்கேயே உட்கார்ந்தால் கொம்பு காய்ந்துவிடும், குடும்பமே போய்விடும். தூரம் போனால் புது மரம் கிடைக்கலாம், ஆனால் நூற்றில் பெரும்பகுதி வழியிலேயே சாகும். அதனால்தான் தாய் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி ஒன்று 100 முதல் 600 வரை முட்டை வைக்கும். சில குஞ்சு வீட்டோடு, சில குஞ்சு ஊர் தாண்டி. இந்த மேடையிலிருந்து பார்க்கிறபோது, இராயபுரத்திலேயே கடை வைத்தவர்களும் துபாயிலிருந்து லீவு போட்டு வந்தவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறீர்கள். இரண்டு வழியும் தேவைதான்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பது

ஊர் தாண்டிப் போகிற குஞ்சுக்கு முதல் வாகனம் காற்று. காற்று வந்து அடித்துக்கொண்டு போகிறது, குஞ்சு பாவம் என்ன செய்யும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1984ல் வாஷ்பர்ன் என்ற பெயருடைய இருவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். கலிபோர்னியாவில் ஐஸ் பிளான்ட் என்ற தரைபடரும் செடியில் இருக்கும் செதில் பூச்சிக் குஞ்சுகளைக் கவனித்திருக்கிறார்கள். காற்று வீசும்போது அந்தக் குஞ்சு பின்னங்காலை ஊன்றி, முன்பாதி உடம்பைத் தூக்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி எழுந்து நிற்கிறது!

ஏன் எழுந்து நிற்க வேண்டும்? மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் மறைத்துக் காற்று அவ்வளவாகப் படாது. எழுந்து நின்றால்தான் கடல்காற்று முகத்தில் அடிக்கும். இலையின் மேலும் அப்படித்தான். இலையை ஒட்டி ஒரு மெல்லிய அடுக்குக் காற்று கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். படுத்த குஞ்சு அதற்குள் இருக்கிறது. எழுந்தால் வேகமான காற்றுக்குள் தலை நீட்டுகிறது. அதாவது, பஸ் வருகிறது என்று கை நீட்டுகிறது.

சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியில் இன்னும் வேடிக்கை. பெண் குஞ்சின் முதுகில் நீளமான மெழுகு இழைகள் வளரும். எருக்கம் விதைக்குப் பஞ்சு இருப்பது போல, காற்றில் மிதக்க அவை உதவும்.

இரண்டாவது வாகனம் மற்ற உயிர்கள். மாவுப்பூச்சியும் மென் செதில் பூச்சியும் குடித்த சாற்றின் மிச்சத்தைத் தேன்போல வெளியே விடும். உங்கள் வண்டி சீட்டில் பிசுபிசுப்பது அதுதான். அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து இலை கறுத்துப் போகும். அந்தத் தேனுக்காக எறும்பு வரும். மாடு வளர்ப்பவர் மாட்டைப் பார்த்துக்கொள்வது போல எறும்பு பூச்சியைப் பார்த்துக்கொள்ளும், எதிரி வந்தால் விரட்டும்.

ஓட்டுச் செதில் பூச்சி தேன் விடுவதில்லை. ஆனாலும் அதன் குஞ்சுக்கும் சவாரி கிடைக்கிறது. கலிபோர்னியாவில் சில வகைகளின் குஞ்சுகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒவ்வொரு காலிலும் நுனியில் உறிஞ்சுகுமிழ் போன்ற அமைப்புள்ள நான்கு மயிர்கள் தெரிந்தன. ஈ, எறும்பு, பொறிவண்டு மேல் இந்தக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு பயணம் செய்வதை 2010ல் வெளியிட்டார்கள். பொறிவண்டு யார்? செதில் பூச்சியைத் தின்ன வருகிறவர்! தின்ன வந்தவர் முதுகிலேயே ஏறிக்கொண்டு குஞ்சு அடுத்த மரத்துக்குப் போகிறது. புடவைத் தலைப்பு, தோட்டக்காரர் சட்டை, கத்தரிக்கோல், லாரித் தார்ப்பாய், எதில் வேண்டுமானாலும் ஏறும்.

ஆனால் கடல் தாண்ட வேண்டுமானால் காற்றும் எறும்பும் போதாது. அதற்கு நாம் வேண்டும்.

கப்பலில் வந்த குஞ்சு

இது நம் துறைமுகத்துக்கும் சம்பந்தப்பட்ட கதை. 18ஆம் நூற்றாண்டில் உலகத்தின் சிறந்த சிவப்புச் சாயம் கொச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின்காரர்கள் தனியுரிமையாக விற்றார்கள். இங்கே சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786ல் சென்னைப் புல்லில் ஒரு செதில் பூச்சியைப் பார்த்துவிட்டு, இதிலிருந்து சாயம் வருமோ என்று லண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சி உதவவில்லை. ஆனால் ஆசை விடவில்லை. சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார்கள், பூச்சி வந்தால் வளர்க்கலாம் என்று.

1795ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கள்ளிச் செடியோடு பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. அன்றைக்குச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் கரை சேர வேண்டும். அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த பூச்சி, கடைசியில் வேறு இனம்! நல்ல சாயம் தரும் பூச்சிக்குப் பதில், மட்டமான சாயம் தரும் காட்டு இனம். அது சாயம் கொடுப்பதற்குப் பதிலாகக் கள்ளியைத் தின்று தீர்த்தது. வட இந்தியாவில் ஒரு வகைக் கள்ளிப் புதரே இல்லாமல் போனது. பிறகுதான் ஒரு யோசனை பிறந்தது. கள்ளியை ஒழிக்க இந்தப் பூச்சியையே பயன்படுத்தினால் என்ன? 19ஆம் நூற்றாண்டில் இதைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள், பிறகு இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். களையை அழிக்கப் பூச்சியை வேண்டுமென்றே பயன்படுத்தியதற்கு உலகத்திலேயே முதல் உதாரணம் என்று பாடநூல்கள் இதைத்தான் சொல்கின்றன.

நம் தென்மாவட்டங்களில் நாகதாளி என்று மக்கள் சொல்லும் கள்ளி வேறு இனம். முதல் பூச்சி அதைத் தொடவில்லை. 1926ல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்தார்கள். பூச்சி ஏறிய மடலை வெட்டிப் புதர்மேல் வைத்தால் போதும், மீதியைத் தவழும் குஞ்சு பார்த்துக்கொண்டது. சில ஆண்டுகளில் காடாய்க் கிடந்த நாகதாளி அடங்கியது.

பாருங்கள், ஒரு கள்ளிக்கு ஒரு பூச்சி, இன்னொரு கள்ளிக்கு இன்னொரு பூச்சி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சரியாக இனம் கண்டுபிடிப்பவர் ஒருவர் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்ப இதற்கு வருகிறேன்.

2008ம் 2020ம்

2008ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். இங்கே அதற்கு எதிரியே இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, கத்தரி, கொய்யா, பருத்தி, செம்பருத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. திருப்பூர், ஈரோடு பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரியை வேரோடு பிடுங்கிப்போட்டார்கள். மருந்து அடித்தார்கள், மறுபடி அடித்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சிக்கு மருந்து ஏறவில்லை. போர்வை இல்லாத நல்ல பூச்சிகள்தான் செத்தன.

அப்புறம் ஒன்றைச் செய்தார்கள். சொந்த ஊரில் இதை யார் அடக்கி வைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2010ல் பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஆர். முனியப்பனுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாக விட்டது. அசெரோஃபாகஸ் பப்பாயே என்ற குளவி, கொசுவைவிடச் சிறியது, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். அடுத்த ஆண்டே தோட்டங்கள் பச்சை பிடித்தன. இதனால் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 50 கோடி டாலர் மிச்சம் என்று 2014ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது.

2020ல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி வந்தது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசித் தொழிலின் அடிவயிற்றில் கைவைக்கும் பூச்சி. 1970களில் ஆப்பிரிக்காவைப் பட்டினியின் விளிம்புக்குக் கொண்டுபோனது இதுதான். அங்கே ஹான்ஸ் ஹெரன் என்பவர் தலைமையில் தென் அமெரிக்கக் குளவி ஒன்றை விட்டு அடக்கினார்கள், 1995ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

பப்பாளிப் பூச்சியோ மரவள்ளிப் பூச்சியோ கடல்மேல் பறந்து வரவில்லை. இவை ஊர் விட்டு ஊர் போவது செடியோடு, கொம்போடு, பழத்தோடு. இதைத் தடுக்கத்தான் 1914லேயே சட்டம் போட்டார்கள், 2003ல் இறக்குமதிக்கான தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை வந்தது. துறைமுகத்தில் மரமும் பழமும் தானியமும் சோதனைக்கு உட்பட்டே உள்ளே வர வேண்டும். ஆனால் சூட்கேஸில் துணிக்கு நடுவே ஈரத்துணி சுற்றிய கொம்பை யார் பார்ப்பது? வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். "அங்கே என்ன கலர் செம்பருத்தி தெரியுமா!" என்று தங்கைக்கு ஒரு கொம்பு ஒடித்துக்கொண்டு வராதீர்கள். சாக்லெட் கொண்டு வாருங்கள், எல்லோருக்கும் சந்தோஷம். கொம்பின் கணுவில் ஒரே ஒரு தாய் இருந்தால் போதும். அதற்கப்புறம் சேலத்து விவசாயி அதற்கு விலை கொடுப்பார்.

நம் தெரு மரங்கள்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். செதில் பூச்சி நம் வேம்பிலும் உண்டு. வேம்பின் மஞ்சள் செதில் பூச்சி இந்தியாவில் நெடுங்காலமாக இருப்பதுதான். நாம் கண்டுகொள்வதே இல்லை, ஏனென்றால் குளவியும் பொறிவண்டும் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. அதே வேம்பு ஆப்பிரிக்காவுக்குப் போனது. பின்னாலேயே பூச்சியும் போனது. குளவி மட்டும் கூடப் போகவில்லை. 1980களில் சாட் ஏரியைச் சுற்றிய நாடுகளில் வேப்ப மரங்கள் அதனால் பட்டுப்போயின. அப்படியானால் மரத்தைக் காப்பது நம் மருந்து டப்பா இல்லை, அந்தக் குட்டிக் குளவிகள்தான்.

அந்தக் குளவிக்கு வடசென்னையில் என்ன எதிரி? புழுதி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் இராயபுரத்தில் கொடியில் காயப்போட்ட வேட்டி கறுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2011ல் அது நின்றது, நிலக்கரி எண்ணூருக்குப் போனது. எண்ணூரில் பழைய அனல்மின் நிலையம் 2017ல் மூடியாகிவிட்டது. ஆனால் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது, சாம்பல் இருக்கிறது, கன்டெய்னர் லாரி வரிசை இருக்கிறது. புழுதி படிந்த சாலையோர மரங்களில் செதில் பூச்சி பெருகும் என்பது கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. காரணம் எளிது. குளவி இலைமேல் நடந்து நடந்து தேட வேண்டும். புழுதியில் அதன் கால் புதைகிறது, உடம்பைத் துடைத்துக்கொள்வதிலேயே நேரம் போகிறது. செதில் பூச்சிக்கோ, ஓட்டுக்குள் புழுதி என்ன செய்யும்?

ஆகவே, "மரத்தை வெட்டிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். வேருக்கு மட்டும் ஊற்றினால் போதாது, இலைக்கும் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை குழாயை வைத்து இலையின் மேலும் அடியிலும் பீய்ச்சி அடியுங்கள். புழுதி போகும், குஞ்சும் கழுவிக்கொண்டு போகும். அடிமரத்தில் ஒரு துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள், எறும்பு ஏறாது. மரப்பட்டையில் நேராகத் தடவாதீர்கள். சுவரையும் கம்பியையும் தொடும் கொம்பை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக வரும். பூச்சி அதிகமுள்ள கொம்பை வெட்டினால் தெருவோரம் போடாதீர்கள். காற்று காத்துக்கொண்டிருக்கிறது. பாலித்தீன் பையில் கட்டி, இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டுப் போடுங்கள்.

அதற்கும் மேல் மருந்து வேண்டுமென்றால், லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயோடு கொஞ்சம் சோப்பு, அல்லது லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பு. ஆனால் எப்போது அடிப்பது? இங்கேதான் அந்த ஒரு நாள் வருகிறது. ஓடு கட்டிய பின் அடித்தால் காசும் போச்சு, குளவியும் போச்சு. குஞ்சு நடமாடும் நாட்களில் அதற்கு ஓடும் இல்லை, மெழுகும் இல்லை. ஊர் பிடிக்கப் புறப்படும் நாள்தான் அது ஆயுதம் இல்லாமல் இருக்கும் நாளும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

அந்த நாளை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் ஒன்று வாங்குங்கள். பூச்சி இருக்கும் கொம்பில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸில் பாருங்கள். மஞ்சள் தூசி போல ஆறு காலோடு ஒட்டியிருந்தால் அவர்தான். எண்ணி நோட்டில் எழுதுங்கள், புது டேப் சுற்றுங்கள். எண்ணிக்கை ஏறும் வாரம்தான் நீங்கள் தேடும் வாரம்.

இது நூறு ரூபாய்ச் செலவில் ஆகிற ஆராய்ச்சி. இதில் இந்தப் பகுதிக்கென்றே கேள்விகள் இருக்கின்றன. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்போது மரத்தின் மேற்குப் பக்கம் கிரீஸ் தடவிய கண்ணாடித் தாளைத் தொங்கவிட்டால் எத்தனை குஞ்சு விழும், கிழக்கே எத்தனை? நெடுஞ்சாலை ஓரத்துப் பூவரசில் எவ்வளவு, நாலு தெரு உள்ளே தள்ளி இருக்கும் பூவரசில் எவ்வளவு? மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு? நாலு மாணவர்கள் ஓர் ஆண்டு பார்த்தால் விடை கிடைக்கும். இதற்குப் பெரிய லேபரட்டரி வேண்டாம். திருவொற்றியூர் பஸ் ஏறிவரும் வழியிலேயே லேபரட்டரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்னையில் வெள்ளையாகப் படிவதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. 2016ல் பொள்ளாச்சி பக்கம் வந்த சுருள் வெள்ளை ஈ வேறு குடும்பம், அது பறக்கும். 1795ல் இனம் தெரியாமல் எடுத்துவந்த பூச்சியின் கதையைச் சொன்னேன். 2008ல் கோயம்புத்தூரில் இது பப்பாளி மாவுப்பூச்சிதான் என்று சரியாகப் பெயர் சொல்ல ஆள் இருந்ததால்தான், எந்தக் குளவியை எங்கிருந்து கேட்பது என்பது தெரிந்தது. பெயர் தெரிந்த பின்தான் மருந்து. பூச்சிக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அந்த வேலைக்குப் பெரிய சம்பளம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மாநிலத்தின் தோட்டங்களைக் காப்பாற்றும் வேலை அது. உங்களில் இருவர் வந்தால் போதும்.

செயலாளர் கேட்ட தன்னம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை. இறக்கை இல்லை, ஆறு காலும் ஒரு நாளுக்குத்தான். ஆனாலும் அந்தக் குஞ்சு காற்று வருகிற நேரம் பார்த்து எழுந்து நிற்கிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

சாப்பாட்டு நேரத்தில் நம் கல்லூரி வளாகத்து மரங்களை ஒரு சுற்றுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். லென்ஸ் கொண்டுவந்திருக்கிறேன். வருகிறவர்கள் வரலாம்.